மின்சாரக் களஞ்சியம்

வைகறை இருள் விலகுமுன்னரே பெரட்டுக் களத்துக்குச் சென்று, விடிவதற்குள் நிறையில் நிற்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஓர் உண்மையை நன்கறிவர். மரம் பால் தரும் நேரம் வேறு. அந்தப் பால் தேவைப்படும் நேரம் வேறு. காலைக் குளிர்ச்சியில் பால் பெருகி ஓடுகிறது. வெயில் ஏற ஏற ஓட்டம் குறைகிறது. ஆயினும் ஆலையின் இயந்திரங்களோ காலை, மாலை என்று பாராமல் பாலை எதிர்பார்க்கின்றன. இந்த இரு நேரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவன யாவை? மரத்தில் தொங்கும் மங்கு, தோளில் தூக்கும் வாளி, பால் கொட்டகையிலுள்ள பெருந்தொட்டி, பால் உறையாதிருக்கச் சேர்க்கும் சில துளி அம்மோனியா ஆகியவையே. இவை இல்லையேல், மரம் தரும் செல்வம் வேரடியிலேயே வழிந்து வீணாகும்.

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாலுக்குத் தொட்டி இருந்தது. மின்சாரத்துக்கு அவ்வளவு பெரிய தொட்டி நெடுங்காலம் வரை இல்லை. உற்பத்தியான கணத்திலேயே அதனைச் செலவிட வேண்டும். செலவிடும் கணத்திலேயே அதனை உற்பத்தி செய்தாக வேண்டும். இந்நிலை இப்பொழுது மாறி வருகின்றது. கப்பலில் சரக்கேற்றும் பெட்டிகளைப் போன்ற பெரும் பெட்டிகளில் மின்கலங்களை அடுக்கி, ஒரு நகரத்துக்கே உதவும் அளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் நிலையங்கள் உலகின் பல பகுதிகளில் எழுந்துள்ளன. நம் நாட்டிலும் எழுந்துள்ளன. அவை யாவை, எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் விளையும் நன்மை என்ன, அவற்றில் அடங்கிய ஆபத்து என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அன்றைய தோட்டத்து விளக்கு

இக்கட்டுரையாளர் பிறந்து வளர்ந்ததும் ஒரு தோட்டத்து லயத்தில்தான். அந்நாளில் எங்கள் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்தே வந்தது. மாலை ஆறரை மணிக்கு அதன் உறுமல் கேட்கும், விளக்குகள் எரியும். இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர் விளக்குகள் ஒரு முறை அணைந்து மீண்டும் எரியும். ‘இன்னும் சிறிது நேரத்தில் நிறுத்தப் போகிறோம், பாயை விரித்துக் கொள்ளுங்கள்’ என்பதே அதன் பொருள். பின்னர் விடியும்வரை மண்ணெண்ணெய் விளக்குத்தான். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் தீப்பெட்டியைத் தேடித் தடவ வேண்டியிருக்கும்.

எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியோ மோட்டார் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் இயங்கியது. தமிழ்ப்படம் ஒளியேறும் நாளுக்கு முன்னதாகவே என் தந்தையார் அந்தப் பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குச் சென்று மின்னேற்றி வருவார். அண்டை வீட்டாரெல்லாம் எங்கள் வாசலில் கூடுவர். படத்தின் இறுதிக் கட்டத்தில், திரையின் நான்கு புறமும் சுருங்கி, உருவங்கள் மங்கி, படம் ஒரு புள்ளியாக மறைந்து போவதும் உண்டு. கதாநாயகி பிழைத்தாளா இல்லையா என்பது மறுநாள் நிறையில்தான் தெரியவரும்.

சிறுவனாக இருந்த நான் அன்று இரண்டு பாடங்களைக் கற்றேன். ஒன்று: மின்சாரத்தைச் சேமிக்க முடியும். மற்றொன்று: சேமித்தது எவ்வளவு, எவ்வளவு நேரம் வரும் என்பதை அறிந்து செலவிட வேண்டும். இன்று பல கோடி வெள்ளி செலவில் அமையும் மின்கல நிலையங்களின் பொறியியலாளர்களும் இவ்விரண்டு பாடங்களையே கையாளுகின்றனர்.

நாடே இருண்ட மாலை

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள் மாலை. தெரெங்கானு மாநிலத்திலுள்ள பாக்கா மின் நிலையத்தை ஒட்டிய மின் தடத்தில் ஒரு துண்டிப்பு நேர்ந்தது. அடுத்தடுத்து நாட்டின் பிற மின் நிலையங்களும் இணைப்பினின்று விலகின. சிறிது நேரத்திற்குள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரமின்றிப் போயிற்று. போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. மின்தூக்கிகள் இடைவழியில் நின்றன. மின்சாரம் முற்றும் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று.

ஓரிடத்தில் நேர்ந்த ஒரு தடங்கல் நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது எவ்வாறு? இதனைப் புரிந்து கொண்டால்தான் மின்கல நிலையத்தின் பயன் விளங்கும்.

காண்டாக் கம்பும் மின்சாரமும்

இரு பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு வாளிகளும் ஒத்த கனமாக இருந்தால் கம்பு நேராக நிற்கும். நடை சீராக இருக்கும். ஒரு வாளியில் திடீரெனப் பால் குறைந்தால் கம்பு சாயும், சுமப்பவர் தடுமாறுவார். உடனே சரிசெய்யாவிடில் இரு வாளிகளும் கவிழ்ந்துவிடும்.

நாட்டின் மின் கட்டமைப்பும் இத்தகைய ஒரு காண்டாக் கம்பே. ஒரு வாளி, மின் நிலையங்கள் உற்பத்தி செய்யும் மின்சாரம். மற்றொரு வாளி, மக்கள் செலவிடும் மின்சாரம். கம்பு நேராக உள்ளதா என்பதை அறிய ஓர் அளவுகோல் உண்டு. நம் நாட்டில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி, வினாடிக்கு 50 முழுச் சுழற்சிகளை முடிக்கிறது. இதற்கு அலைவெண் என்று பெயர். செலவு மிகுந்து உற்பத்தி குறையுமானால், மின் நிலையங்களில் சுழலும் பெரும் இயந்திரங்கள் சுமை தாங்காமல் வேகம் குறைகின்றன. அலைவெண்ணும் 50க்குக் கீழே இறங்குகிறது. மிகவும் இறங்கிவிட்டால், இயந்திரங்கள் பழுதாகாதிருக்கும் பொருட்டுத் தாமாகவே இணைப்பைத் துண்டித்துக் கொள்கின்றன. ஒன்று விலகியதும் எஞ்சியவற்றின் சுமை கூடுகிறது. அவற்றுள் மற்றொன்று விலகுகிறது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக விழுவதே நாடளாவிய இருட்டடிப்பின் காரணம்.

இதனைத் தடுக்க, ஒரு வாளி இலேசாகும் அதே கணத்தில் யாரேனும் அதில் பாலை ஊற்ற வேண்டும். நீராவியால் இயங்கும் நிலையம் கொதிகலனின் வெப்பத்தைக் கூட்டியாக வேண்டும். நின்றிருக்கும் எரிவாயு இயந்திரத்தை இயக்கி முழு ஆற்றலுக்குக் கொண்டுவரப் பல நிமிடங்கள் பிடிக்கும். மின்கலத் தொகுதியோ ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தை ஊற்றத் தொடங்கிவிடும். அதன் முதற் சிறப்பு இந்த விரைவே ஆகும்.

இது முற்றிலும் புதிய எண்ணமன்று. சுற்றிலும் கிழக்கு ஜெர்மனி சூழ, தனித்தீவு போல் மின்சாரம் உற்பத்தி செய்து வந்த மேற்கு பெர்லின் நகரம், 1986ஆம் ஆண்டிலேயே ஈய-அமில மின்கலங்களைக் கொண்ட ஒரு நிலையத்தை இதே நோக்கத்துக்காக அமைத்தது. அண்டை ஊரின் உதவி கிடைக்காத இடத்தில், வீட்டுக்குள்ளேயே ஒரு சேமிப்பு வேண்டும் அல்லவா?

தென் ஆஸ்திரேலியா கற்ற பாடம்

பெருமளவு மின்கலச் சேமிப்பை உலகறியச் செய்த இடம் தென் ஆஸ்திரேலிய மாநிலமாகும். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அங்குக் கடும் புயல் வீசியது. உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை சாய்ந்தன. காற்றாலைகள் பல திடீரென உற்பத்தியைக் குறைத்தன. பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு அதிகச் சுமையால் துண்டிக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது.

அடுத்த ஆண்டில் அம்மாநில அரசு ஒரு பெரிய மின்கல நிலையம் அமைக்க முன்வந்தது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத் தலைவர் இலோன் மஸ்க், ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து 100 நாட்களுக்குள் அதனை முடிப்பதாகவும், முடிக்காவிடில் விலை வேண்டாமென்றும் பகிரங்கமாக உறுதி கூறினார். சொன்ன காலத்துக்குள் வேலை முடிந்தது. ஜேம்ஸ்டவுன் என்னும் சிற்றூருக்கு அருகே, ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையை அடுத்து, 2017 டிசம்பர் 1ஆம் நாள் அந்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் உலகில் அதுவே மிகப் பெரிய லித்தியம் மின்கல நிலையமாக விளங்கியது.

இரண்டு வாரங்கூட நிறையவில்லை. டிசம்பர் 14ஆம் நாள் பின்னிரவில், பல நூறு மைல் தொலைவில் விக்டோரியா மாநிலத்திலுள்ள லோய் யாங் நிலக்கரி மின் நிலையத்தின் ஓர் இயந்திரம் திடீரென நின்றது. ஏறத்தாழ 560 மெகாவாட் மின்சாரம் ஒரே கணத்தில் மறைந்தது. காண்டாக் கம்பு சாயத் தொடங்கியது. ஹார்ன்ஸ்டேல் மின்கலங்கள் எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் தாமாகவே மின்சாரத்தை ஊற்றின. அன்று அவை தந்த அளவு சிறிதே, ஏழு மெகாவாட் அளவில்தான். எனினும் ஏனைய நிலையங்கள் விழித்துக்கொண்டு வருவதற்கு முன்னரே அவை உதவிக்கு வந்து நின்றன என்பதே பொறியியலாளர்களை வியக்க வைத்தது. 2020ஆம் ஆண்டில் அந்நிலையம் 150 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது.

இக்கதையின் மறுபக்கத்தையும் கூறுதல் நம் கடமையாகும். 2019ஆம் ஆண்டில் சில மாதங்கள், தான் தருவதாக ஒப்புக்கொண்டு கட்டணம் பெற்ற அவசரச் சேவையை முழுமையாகத் தரும் நிலையில் அந்நிலையம் இருக்கவில்லை என்பது பின்னர் கண்டறியப்பட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2022ஆம் ஆண்டில் 9 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. எந்த இயந்திரமாயினும் அதனை மேற்பார்க்கும் கண்களும், கணக்குக் கேட்கும் சட்டமும் இருந்தால்தான் அது பொதுமக்களுக்குப் பயன்படும் என்பதற்கு இது தக்க சான்று.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

மின்கலத்தின் வரலாறு 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்டாவிடமிருந்து தொடங்குகிறது. மீண்டும் மீண்டும் மின்னேற்றக் கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிரான்ஸ் நாட்டின் பிளாந்தே கண்டுபிடித்தார். என் தந்தையார் சைக்கிளில் கட்டிச் சென்றது இதன் வழி வந்ததே. கைத்தொலைபேசியில் உள்ள லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

லித்தியம் மின்கலத்தை ஒரு சுவரால் பிரிக்கப்பட்ட இரு அறைகளாக எண்ணிக் கொள்ளுங்கள். ஓர் அறையில் உலோகச் சேர்மம். மற்றோர் அறையில் பென்சிலில் காணப்படும் கிராஃபைட். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. எங்கும் ஊறி நிற்கும் ஒரு திரவம். மின்னேற்றும்பொழுது லித்தியம் துகள்கள் உலோக அறையிலிருந்து சவ்வைக் கடந்து கிராஃபைட் அறைக்குச் சென்று குடியேறுகின்றன. மின்சாரம் எடுக்கும்பொழுது அவை மீண்டும் பழைய அறைக்குத் திரும்புகின்றன. இவற்றின் துணையான எலெக்ட்ரான்களுக்கோ சவ்வின் வழியே நுழைய அனுமதி இல்லை. அவை வெளியேயுள்ள கம்பியின் வழியாகச் சுற்றித்தான் அடுத்த அறையை அடைய வேண்டும். அவ்வாறு சுற்றிச் செல்லும் ஓட்டமே நாம் பயன்படுத்தும் மின்சாரம்.

இத்தகைய மின்கலங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு தொகுதியாகவும், தொகுதிகளை அடுக்குகளாகவும், அடுக்குகளை ஒரு பெட்டியாகவும் அமைக்கின்றனர். பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தொகுதியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கணினி இடைவிடாது கண்காணிக்கிறது. சூடு ஏறாதிருக்கக் குளிரூட்டிகள் ஓடுகின்றன. மின்கலம் தருவது நேர் மின்னோட்டம். நம் வீடுகளுக்கு வருவது மாறு மின்னோட்டம். ஆதலால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர் கருவிகளும், அழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றிகளும் உடன் அமைகின்றன.

வாளியும் குழாயும்

இந்நிலையங்களைப் பற்றிய செய்திகளில் மெகாவாட், மெகாவாட் மணி என இரு அளவுகள் வரும். படிப்போர் பலர் இவற்றைக் குழப்பிக் கொள்கின்றனர். பால் தொட்டியை எண்ணினால் குழப்பம் தீரும். தொட்டியில் எவ்வளவு பால் கொள்ளும் என்பது ஓர் அளவு. அதன் குழாயின் வழியே ஒரே நேரத்தில் எவ்வளவு பாயும் என்பது வேறோர் அளவு. தொட்டியின் கொள்ளளவே மெகாவாட் மணி. குழாயின் பாய்ச்சலே மெகாவாட்.

ஹார்ன்ஸ்டேல் நிலையம் தொடக்கத்தில் 129 மெகாவாட் மணி கொள்ளளவும் 100 மெகாவாட் பாய்ச்சலும் கொண்டிருந்தது. முழுப் பாய்ச்சலில் திறந்துவிட்டால், 129ஐ 100ஆல் வகுக்க, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மின்சாரம் வரும்.

சிங்கப்பூரில் ஜூரோங் தீவில் செம்ப்கோர்ப் நிறுவனம் அமைத்த நிலையம் 2022 டிசம்பரில் இயங்கத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 285 மெகாவாட் மணி. பாய்ச்சல் 200 மெகாவாட். ஒரு மெகாவாட் மணி என்பது மின் கட்டணச் சீட்டில் நாம் காணும் 1,000 யூனிட்டுக்குச் சமம். எனவே அங்கு ஒரு முறை சேமிப்பது 2,85,000 யூனிட். மாதம் 300 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 10 யூனிட் போதும். அப்படியானால் 28,500 குடும்பங்களின் ஒரு நாள் தேவை அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கியுள்ளது. பள்ளிப் பிள்ளைகளை அருகிலழைத்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் இம்முயற்சி தொடங்கிவிட்டது. சரவாக்கில் கூச்சிங்கை அடுத்த செஜிங்காட்டில் 60 மெகாவாட் பாய்ச்சலும் ஏறத்தாழ 80 மெகாவாட் மணி கொள்ளளவும் உடைய நிலையம் அமைக்கப்பட்டது. சபாவின் லகாட் டத்துவில் அமைந்தது 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி அளவுடையது. 400ஐ 100ஆல் வகுத்துப் பாருங்கள்: முழுப் பாய்ச்சலில் நான்கு மணி நேரம். குழாய் சிறிது, தொட்டி பெரிது. மின்தடைக்கு அடிக்கடி ஆளாகும் சபாவின் கிழக்குக் கரைப் பகுதிக்கு, மாலையில் தேவை உச்சத்துக்கு ஏறும் வேளையில் கைகொடுக்க நீண்ட நேரம் தாங்கும் தொட்டியே ஏற்றதாகும்.

வெயிலை இரவுக்குக் கொண்டு செல்லல்

மின்கல நிலையத்தின் இரண்டாவது பயன் இதனின்று விளங்கும். சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் பண்ணைகள் இன்று பெருகி வருகின்றன. நண்பகலில் அவை நிறையத் தருகின்றன. ஆனால் நம் இல்லங்களில் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, சோற்றுப் பானை யாவும் ஒருங்கே இயங்குவது மாலை ஏழு மணிக்கு. அப்பொழுது கதிரவன் மறைந்திருப்பான். நண்பகலின் மிகுதியைச் சேமித்து மாலையில் வழங்க மின்கலம் உதவுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதனைப் பெருமளவில் செய்து காட்டியது. 2024ஆம் ஆண்டில் அங்குள்ள மின்கல நிலையங்களின் மொத்தப் பாய்ச்சல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்து மாலைப் பொழுதொன்றில், எரிவாயு நிலையங்களையும் விஞ்சி, அக்கட்டமைப்புக்கு மிகுதியான மின்சாரத்தை வழங்கிய மூலமாக மின்கலங்களே விளங்கின. 2010ஆம் ஆண்டிலிருந்து 2024ஆம் ஆண்டுக்குள் லித்தியம் மின்கலத்தின் விலை ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தமையே இவ்வளர்ச்சிக்கு முதற்காரணம்.

தீ என்னும் அபாயம்

நன்மையை மட்டும் கூறி ஆபத்தை மறைப்பது முறையாகாது. அம்மோனியாத் தோம்பைக் கையாளும் தொழிலாளி அதன் பயனையும் அறிவார். கண்ணை எரிக்கும் அதன் ஆவியையும் அறிவார். லித்தியம் மின்கலத்தில் உள்ள ஆபத்து தீ. ஒரு மின்கலம் பழுதுற்றுச் சூடேறினால், அச்சூடே உள்ளிருக்கும் பொருள்களைச் சிதைத்து மேலும் சூட்டை எழுப்பும். அது அடுத்த மின்கலத்தைத் தாக்கும். வறட்சிக் காலத்தில் சருகில் பட்ட பொறி நிறை நிறையாகப் பரவுவது போன்றது இது. உடன் எழும் வாயுக்கள் நச்சுத்தன்மை உடையன, வெடிக்கவும் கூடியன.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு மின்கல நிலையத்தில் புகை கண்டு சென்ற தீயணைப்பு வீரர்கள், கதவைத் திறந்த சிறிது நேரத்தில் உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துப் படுகாயமுற்றனர். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், சோதனை நிலையில் இருந்த ஒரு பெட்டியில் குளிரூட்டும் திரவம் கசிந்து தீப்பற்றி அடுத்த பெட்டிக்கும் பரவியது. தீ அடங்க நான்கு நாட்கள் ஆயின. எவரும் காயமுறவில்லை. 2025 ஜனவரி 16ஆம் நாள் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் நிலையத்தில் பெருந்தீ மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கு மின்கலங்கள் பழைய மின் நிலையக் கட்டடம் ஒன்றினுள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன.

ஒவ்வொரு விபத்தும் ஒரு பாடத்தைத் தந்தது. மின்கலங்களைக் கட்டடத்துக்குள் அடைக்காமல் திறந்த வெளியில், பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு வைக்கின்றனர். வாயுவைக் கண்டறியும் கருவிகளைப் பொருத்துகின்றனர். எளிதில் தீப்பற்றாத லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகையை மிகுதியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தம் ஊருக்கு அருகே இத்தகைய நிலையம் எழுமாயின், குடியிருப்பிலிருந்து அது எவ்வளவு தொலைவு, தீயணைப்புத் துறையினருக்குத் தனிப்பயிற்சி உண்டா, ஆபத்து வேளையில் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு யாது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அதற்கு விடை கூறுவது அமைப்பவரின் கடமை.

மின்கலம் செய்ய இயலாதவை

மின்கலம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பாதுகாத்து மட்டுமே தருகிறது. அதிலும் சிறிது தேய்மானம் உண்டு. 100 யூனிட் உள்ளே சென்றால் ஏறத்தாழ 85 யூனிட்டே திரும்பும். எஞ்சியது வெப்பமாக மறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவும் குறையும். பதினைந்து ஆண்டுகள் போல் உழைத்தபின் மாற்ற வேண்டியிருக்கும். பழைய மின்கலங்களைப் பிரித்து உலோகங்களை மீட்கும் தொழிற்சாலைகளும் தேவைப்படும்.

மேலும், வடகிழக்குப் பருவ மழை நாட்கணக்கில் கொட்டும் காலத்தில், நான்கு மணி நேரச் சேமிப்பு மட்டும் போதாது. நீண்ட நாள் சேமிப்புக்கு அணைகளே இன்றும் சிறந்தவை. தெரெங்கானுவின் கென்யிர் ஏரியில் தேங்கி நிற்கும் நீரும் ஒருவகைச் சேமிப்பே அல்லவா? வேண்டும்பொழுது மதகைத் திறந்தால் மின்சாரம் பிறக்கிறது. ஆகவே அணை, எரிவாயு, சூரிய ஒளி, மின்கலம் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று துணை நிற்பன.

‘இதனால் என் வீட்டு மின் கட்டணம் குறையுமா?’ என்று தொழிலாளர் கேட்கலாம். நேர்மையான விடை: உடனே குறையும் என்று எவரும் உறுதி கூறுவதற்கில்லை. நிலையம் அமைக்கும் செலவையும் எவரேனும் ஏற்றாக வேண்டும். ஆனால் ஓர் இருட்டடிப்புக்கும் விலை உண்டு. ஆலை நின்றால் பால் உறைந்து கெடும். வேலை நின்றால் கூலி குறையும். மருத்துவமனையில் மின்சாரம் நின்றால் அந்த இழப்பைக் கணக்கிட அளவுகோல் இல்லை. மழை நாளில் வெட்டு இல்லை, வருமானம் இல்லை என்பதை உணர்ந்து வெயில் நாளில் சிறிது மிச்சம் பிடித்து வைக்கும் குடும்பத்துக்கு இதன் நியாயம் விளங்கும்.

நம் இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

பெருநிலையத்தில் உள்ள அதே வகை மின்கலம் இன்று நம் கைத்தொலைபேசியிலும், கையடக்க மின்னேற்றியிலும், மின்சாரச் சைக்கிளிலும் உள்ளது. எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவதாக, சிரிம் முத்திரை உள்ள மின்னேற்றிகளையே வாங்குங்கள். மலிவு என்று பெயர் தெரியாத பொருளை வாங்குவது பின்னர் பெருஞ்செலவில் முடியலாம்.

இரண்டாவதாக, மின்சாரச் சைக்கிளை வீட்டு வாசற்படியிலும், உறங்கும் அறையிலும் வைத்து இரவு முழுவதும் மின்னேற்றாதீர்கள். தீப்பற்றினால் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். பலகைச் சுவர் கொண்ட லயத்து வீடுகளில் இருப்போர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, உப்பிய, நசுங்கிய, நீரில் ஊறிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம். புகையத் தொடங்கினால் அருகில் நின்று வேடிக்கை பார்க்காமல், அனைவரையும் வெளியேற்றி 999 என்னும் எண்ணுக்கு அழையுங்கள்.

நான்காவதாக, பழைய மோட்டார் பேட்டரியை உடைத்து, அதிலுள்ள ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பதைச் சிலர் பொழுதுபோக்காகச் செய்கின்றனர். அமிலம் கண்ணைக் கெடுக்கும். ஈயப் புகையும் தூசியும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனை முழுதாகவே பேட்டரிக் கடையில் ஒப்படைத்தால் சிறிது பணமும் கிடைக்கும். பிள்ளைகளும் நலமாக இருப்பர்.

முடிவாக ஒரு சொல். பத்து மணிக்கு விளக்கு அணைந்த லயத்தில், அணையுமுன் வீட்டுப் பாடத்தை முடித்துவிட வேண்டுமென்று விரைந்து எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த அவசரம் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒளி வருகிறது. அந்த ஒளி தடையின்றி வருவதற்காக, கம்பியின் மறுமுனையில் ஒவ்வொரு வினாடியும் காண்டாக் கம்பு சாயாமல் காக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மின்கல நிலையங்களை அமைக்கவும், காக்கவும், பழுது பார்க்கவும் பயிற்சி பெற்ற கரங்கள் இனி நாடெங்கும் தேவைப்படும். தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னியல் கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் திறந்தே உள்ளது. அன்று பேட்டரியைச் சைக்கிளில் சுமந்தவரின் பேரப்பிள்ளை, நாளை நாட்டின் மின்சாரக் களஞ்சியத்துக்குக் காவலராக விளங்கலாம்.